புல்தரை மண்: அறிக்கையை வைத்து என்ன செய்வது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை தேர்ந்தெடுத்த கேள்விகள் எல்லாமே மண் பரிசோதனை அறிக்கையை ஒட்டியவை. பதில்களில் வரும் அளவுகள் ஒரு சதுர மீட்டருக்கானவை. அறிக்கையில் எக்டேருக்கு இத்தனை கிலோ என்று இருந்தால், பத்தால் வகுத்தால் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று வந்துவிடும். பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று இருந்தால் 2.24ஆல் பெருக்கினால் எக்டேருக்கான கிலோ. இது 15 செ.மீ. ஆழத்து மண்ணுக்கான கணக்கு. அந்த ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டர் மண் ஏறத்தாழ 225 கிலோ எடை இருக்கும். கீழே பல இடங்களில் இந்த 225 வரும், நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, 100 சதுர மீட்டரில் புல்தரை வைத்திருக்கிறேன். அறிக்கையில் பி.எச். (அமில–கார அளவு) 8.2, மின்கடத்துத்திறன் (உப்பின் அளவைக் காட்டுவது) 0.4, சுண்ணாம்பு 6 சதவீதம், அங்ககக் கரிமம் 0.3 சதவீதம், தழைச்சத்து (நைட்ரஜன்) 190 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 48 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 310 கிலோ, இரும்பு 2.8 பி.பி.எம். என்று இருக்கிறது. புல் வெளிறிப்போய், ஆங்காங்கே வழுக்கை விழுந்திருக்கிறது. ஒருவர் கந்தகம் போடச் சொல்கிறார், இன்னொருவர் டி.ஏ.பி., மூன்றாமவர் ஜிப்சம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்றுமே உங்கள் மண்ணுக்கு வேண்டாதவை. ஏன் என்பதற்கு அறிக்கையை மேலிருந்து கீழே வாசிக்காமல் வேறு வரிசையில் வாசிக்க வேண்டும். முதலில் பி.எச்., மின்கடத்துத்திறன், சுண்ணாம்பு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இவைதான் போடும் உரம் வேலை செய்யுமா, வீணாகுமா என்று தீர்மானிப்பவை. அடுத்தது கரிமம். தழை, மணி, சாம்பல் எண்கள் கடைசியில்தான். பெரும்பாலானோர் கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்து, உடனே மூட்டையைப் பிரித்துவிடுகிறார்கள்.

கந்தகத்தை எடுத்துக்கொள்வோம். கந்தகம் பி.எச்.சைக் குறைக்கும் என்பது உண்மைதான். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும், அமிலம் காரத்தைக் குறைக்கும். ஆனால் அந்த அமிலம் முதலில் மண்ணிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துத் தீர்க்க வேண்டும். அதுவரை பி.எச். நகராது. உங்கள் மண்ணில் சுண்ணாம்பு 6 சதவீதம். 225 கிலோவில் 6 சதவீதம் என்றால் சதுர மீட்டருக்கு 13.5 கிலோ. நூறு பங்கு சுண்ணாம்பைத் தீர்க்க 32 பங்கு கந்தகம் வேண்டும், ஆக சதுர மீட்டருக்கு 4.3 கிலோ, மொத்தத் தரைக்கும் 430 கிலோ. நிற்கும் புல்லின் மேல் ஒரு தடவைக்கு 25 கிராமுக்கு மேல் போட்டால் புல் கருகும். அந்தக் கணக்கில் 170 தடவைக்கு மேல் போட வேண்டியிருக்கும். சுண்ணாம்பு மண்ணின் பி.எச்.சோடு மல்லுக்கு நிற்பதில் அர்த்தமில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, அதனால் புல்லுக்கு எட்டாமல் போகும் சத்தை நேரே இலைக்குக் கொடுப்பதுதான் வழி.

எட்டாமல் போவது முக்கியமாக இரும்பு. டி.டி.பி.ஏ. என்ற ஆய்வக முறையில் 4.5 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளலாம், உங்களுடையது 2.8. இளம் இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் பச்சைக் கோடாகவும் நரம்புக்கு நடுவே மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறை. அடி இலையிலிருந்து தொடங்கி இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை. உங்கள் மண்ணில் இரண்டும் சேர்ந்தே இருக்க வாய்ப்பு உண்டு.

தெளிப்புக் கரைசல் இப்படி: ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள், பிறகு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) போடுங்கள். வரிசை மாறக் கூடாது. காரமான தண்ணீரில் அன்னபேதியை முதலில் போட்டால் இரும்பு துருவாக மாறிப் பழுப்பு நிறத்தில் அடியில் படியும். பழுப்பான கரைசல் எதற்கும் உதவாது, கொட்டிவிட வேண்டியதுதான். சரியான கரைசல் வெளிர்பச்சையாகத் தெளிந்திருக்கும். 100 சதுர மீட்டருக்கு 15 லிட்டர் போதும், அதாவது 75 கிராம் அன்னபேதி, 15 கிராம் சிட்ரிக் அமிலம். வெயில் தாழ்ந்த பிறகு நுண்திவலையாகத் தெளியுங்கள். மறுநாள் வரை தண்ணீர் பாய்ச்சவோ புல்லை வெட்டவோ வேண்டாம். சில நாளில் நிறம் திரும்பும். புது இலைக்கு அந்த இரும்பு போய்ச் சேராது என்பதால் வளரும் பருவத்தில் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் தெளிக்க வேண்டியிருக்கும். சிமென்ட் நடைபாதையில் சொட்டினால் துருக்கறை போகவே போகாது, ஓரங்களை முன்கூட்டியே நனைத்து வைத்து, தெளித்த கையோடு கழுவிவிடுங்கள்.

அன்னபேதியை மண்ணில் தூவலாமே என்று கேட்பீர்கள். இந்த மண்ணில் சில நாளிலேயே அது கரையாத இரும்பாகிவிடும். மண்ணில்தான் போட வேண்டும் என்றால் ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைக் கொடுக்கிணைப்பு இரும்பு (இரும்பைப் படியவிடாமல் பிடித்து வைக்கும் கீலேட்) மட்டுமே இந்த பி.எச்.சில் தாங்கும். ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை பி.எச். 6.5ஐத் தாண்டினாலே இரும்பைக் கைவிடத் தொடங்கிவிடும். பொட்டலத்தில் வெறுமனே 'இரும்புச் சத்து' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

டி.ஏ.பி. ஏன் வேண்டாம்? அது மணிச்சத்து மிகுந்த உரம். கார மண்ணுக்கு ஏற்ற ஓல்சன் முறையில் மணிச்சத்து 25 கிலோவைத் தாண்டினாலே 'அதிகம்' என்ற வகையில் வரும். உங்களிடம் 48 இருக்கிறது. மேலும் சேர்த்தால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைப்பது இன்னும் குறையும். சாம்பல்சத்தும் 280ஐத் தாண்டியிருப்பதால் பொட்டாஷும் தேவையில்லை.

ஜிப்சம் சுண்ணாம்புச்சத்தைக் (கால்சியம்) கொடுத்துச் சோடியத்தை விரட்டும் பொருள். உங்கள் மண்ணில் சுண்ணாம்புச்சத்துக்குக் குறைவே இல்லை. பி.எச். 8.5ஐத் தாண்டாததால் சோடியச் சிக்கல் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆக உரம் என்று போட வேண்டியது தழைச்சத்து மட்டும்தான். அம்மோனியம் சல்பேட் (21 சதவீதம்) சதுர மீட்டருக்கு 12 கிராம், மொத்தத் தரைக்கு 1.2 கிலோ. இதில் 2.5 கிராம் தழைச்சத்து கிடைக்கும். புல் வளரும் பருவத்தில் ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை போடுங்கள். இலை காய்ந்திருக்கும்போது தூவி, அப்போதே 5 முதல் 10 லிட்டர் தண்ணீர் விட வேண்டும். சுண்ணாம்பு மண்ணின் மேற்பரப்பில் அம்மோனியம் உரம் கிடந்தால் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். போட்ட உரத்தில் கணிசமான பகுதி இப்படியே காற்றில் போகிறது. மறுநாள் பாய்ச்சலாம் என்று விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

வழுக்கைக்குக் காரணம் அநேகமாக இறுக்கமும் கரிமக் குறைவும். நனைந்த மறுநாள் ஒரு நீள ஸ்குரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். கை அழுத்தத்தில் 10 செ.மீ. இறங்காவிட்டால் மண் இறுகிக் கிடக்கிறது என்று பொருள். குழாய் முனையுள்ள துளைக் கருவியால் 5 முதல் 7 செ.மீ. இடைவெளியில், 8 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் மண் துண்டுகளை வெளியே எடுக்க வேண்டும். வெறும் கம்பியால் குத்தினால் துளையின் சுவர் இன்னும் இறுகும். பிறகு 6 மி.மீ. சல்லடையில் சலித்த நன்கு மக்கிய இலை மக்கை 5 மி.மீ. கனத்துக்குப் பரப்பித் துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்கள். 5 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், உங்கள் தரைக்கு 500 லிட்டர். புல் நுனி மேலே தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை, அதுவும் புல் வேகமாக வளரும் சமயத்தில் மட்டும் செய்யுங்கள். மணிச்சத்து ஏற்கெனவே அதிகம் என்பதால் கோழி எரு கலந்த உரம் மட்டும் கூடாது.

கேள்வி: ஒரே மண்ணை இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்தேன். மணிச்சத்து ஒன்றில் 'குறைவு', மற்றதில் 'அதிகம்'. ஒருவர் தப்பாகத்தானே பார்த்திருக்க வேண்டும்?

பதில்: இருவரும் சரியாகவே பார்த்திருக்கலாம். மணிச்சத்தை அளக்கப் பல முறைகள் உண்டு. 1945இல் வந்த பிரே முறை அமிலக் கரைசலைப் பயன்படுத்துவது, அமில மண்ணுக்கு ஏற்றது. 1954இல் வந்த ஓல்சன் முறை சோடியம் பைகார்பனேட்டைப் பயன்படுத்துவது, கார மண்ணுக்கு ஏற்றது. சுண்ணாம்பு மண்ணைப் பிரே முறையில் சோதித்தால் கரைசலின் அமிலத்தைச் சுண்ணாம்பு தின்றுவிடும், மணிச்சத்து இருந்தும் இல்லாததுபோல் எண் வரும். அறிக்கையில் முறையின் பெயர் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். பெயர் தெரியாத எண்ணை எந்த அட்டவணையோடும் ஒப்பிட முடியாது.

அடுத்து, ஒருவர் தனிமக் கணக்கிலும் மற்றவர் ஆக்சைடு கணக்கிலும் எழுதியிருக்கலாம். மணிச்சத்தில் ஆக்சைடு எண் 2.29 மடங்கு பெரிதாகத் தெரியும், சாம்பல்சத்தில் 1.2 மடங்கு. பி.எச்.சையும் தண்ணீரில் பார்ப்பதைவிடக் கால்சியம் குளோரைடு கரைசலில் பார்த்தால் அரை முதல் ஒரு புள்ளி வரை குறைவாக வரும். மின்கடத்துத்திறனில் வித்தியாசம் இன்னும் அதிகம். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து பார்த்த எண்ணைவிட, செறிவூட்டிய மண்குழம்பில் பார்த்த எண் பல மடங்கு பெரிது.

இது எதுவுமே இல்லையென்றால் மாதிரி எடுத்ததில்தான் கோளாறு. புல்தரையில் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில் எடுங்கள். மரத்தடி, பாதையோரம், எரு கொட்டி வைத்த இடம் வேண்டாம். மேலே இருக்கும் புல்லையும் அதன் அடியில் மெத்தைபோல் சேர்ந்திருக்கும் காய்ந்த தண்டையும் நீக்கிவிட்டு, நிற்கும் புல்லுக்கு 8 முதல் 10 செ.மீ., புதிதாகப் போடப்போகும் தரைக்கு 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரே கனமாக வெட்டியெடுங்கள். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் கலந்தால் அறிக்கையில் துத்தநாகம் தாராளமாக இருப்பதாக வரும். நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதைத் திரும்பச் செய்து நிழலில் உலர்த்துங்கள். உரம் போட்டு எட்டு வாரம் ஆகாத மண்ணை அனுப்பாதீர்கள். நன்றாக இருக்கும் பகுதியையும் மோசமான பகுதியையும் ஒன்றாகக் கலக்கவும் வேண்டாம். சராசரி எண்ணால் இரண்டு பகுதிக்குமே பயனில்லை.

கேள்வி: பி.எச். 5.1. சுண்ணாம்புத் தேவை எக்டேருக்கு 4 டன் என்று அறிக்கை சொல்கிறது. பாசி படர்ந்து புல் நலிந்துகொண்டே போகிறது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டுவிடலாமா?

பதில்: 4 டன் என்றால் சதுர மீட்டருக்கு 400 கிராம். நிற்கும் புல்லின் மேல் ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அதனால் இப்போது 200, ஆறு மாதம் கழித்து 200. அறிக்கை சொல்லும் அளவு தூய சுண்ணாம்புத் தூளுக்கானது. வாங்கும் சுண்ணாம்பின் நடுநிலையாக்கும் திறன் 85 சதவீதம் என்றால் 400ஐ 0.85ஆல் வகுத்து 470 கிராம் என்று கொள்ள வேண்டும். அந்த 400 கிராமும் 15 செ.மீ. ஆழத்துக்குக் கலந்துவிடும் கணக்கு என்பதையும் மறந்துவிடாதீர்கள். மேலே தூவும் சுண்ணாம்பு முதல் வருடத்தில் மேல் 5 செ.மீ. மண்ணில்தான் வேலை செய்யும். துளையிட்ட பிறகு போட்டால் கொஞ்சம் ஆழமாக இறங்கும்.

அளவைவிடத் தூளின் மென்மை முக்கியம். கால் மில்லிமீட்டருக்கும் சிறிய தூள் ஒரு வருடத்துக்குள் கரைந்து வேலை செய்யும். 2 மி.மீ.க்கு மேலான பொடிக்கல் பல வருடம் அப்படியே கிடக்கும். விரலிடையில் வைத்துத் தேய்த்தால் மாவுபோல் இருக்க வேண்டும். மக்னீசியமும் குறைவு என்றிருந்தால் டோலமைட், இல்லையென்றால் சாதாரண சுண்ணாம்புக்கல் தூள். நீற்றுச் சுண்ணாம்பு வேகமாக வேலை செய்யும், ஆனால் இலையையும் வேரையும் சுட்டுவிடும். நிற்கும் புல்லில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

பாதி அளவை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவினால் திட்டுத்திட்டாக விழாது. உடனே தண்ணீர் தெளித்து இலையிலிருந்து கழுவிவிடுங்கள். யூரியாவையோ அம்மோனியம் சல்பேட்டையோ அதே வாரத்தில் போடாதீர்கள், தழைச்சத்து வாயுவாகப் போய்விடும். குறைந்தது மூன்று, நான்கு வார இடைவெளி வேண்டும்.

பி.எச். 5.5க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். ஒரு பிடி புல்லைப் பிடுங்கிப் பாருங்கள், வேர் குட்டையாக, தடித்து, கிளையில்லாமல் பழுப்பாக இருந்தால் அதுதான். தண்ணீரும் உரமும் எவ்வளவு கொடுத்தாலும் அந்த வேரால் எடுக்க முடியாது. பாசியைச் சுரண்டி எடுப்பது தற்காலிகம்தான். நிழல், ஈரம், அமிலம் மூன்றும் இருக்கும்வரை அது திரும்ப வரும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. வேறொருவர் மண்ணிலும் 5.1 வந்து, அவருக்கு 1.5 டன் போதும் என்று சொல்லியிருந்தால் குழம்ப வேண்டாம். பி.எச். ஒன்றாக இருந்தாலும் களிமண் அதிகமான மண் பல மடங்கு அமிலத்தைப் பிடித்து வைத்திருக்கும். பி.எச். எண்ணை மட்டும் வைத்துச் சுண்ணாம்பு அளவு சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

கேள்வி: களிமண் இளக ஜிப்சம் போடலாம் என்கிறார்களே?

பதில்: சோடியத்தால் கெட்ட களிமண் மட்டுமே ஜிப்சத்துக்கு இளகும். மற்றக் களிமண்ணில் போட்டால் பலன் இருக்காது, பி.எச்.சும் மாறாது. வீட்டிலேயே பார்த்துவிடலாம். நன்றாக உலர்ந்த, பட்டாணி அளவு மண்கட்டி ஒன்றை மழைநீரோ வாலை வடித்த நீரோ உள்ள கண்ணாடித் தம்ளரில் மெதுவாக இறக்கி, அசைக்காமல் வையுங்கள். கட்டி வெறுமனே உதிர்ந்து குவியலாகி, சுற்றியுள்ள தண்ணீர் தெளிவாக இருந்தால் ஜிப்சம் தேவையில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல் ஒரு வளையம் பரவி, சில மணி நேரத்தில் அடித்தண்ணீர் முழுதும் கலங்கி, மறுநாளும் தெளியாவிட்டால் சோடியம் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள், அதிலுள்ள உப்பே கலங்கலைத் தடுத்துவிடும்.

வளையம் தெரிந்தால் அறிக்கையில் பரிமாற்றச் சோடியம், அயனி மாற்றுத் திறன் (மண் சத்துகளைப் பிடித்து வைக்கும் அளவு) இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அயனி மாற்றுத் திறன் 20, சோடியம் 4.4 என்றால் சோடியத்தின் பங்கு 22 சதவீதம். 15ஐத் தாண்டினாலே களர். அதை 8 சதவீதத்துக்கு, அதாவது 1.6க்கு இறக்க 2.8 அலகு சோடியத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு அலகுக்கு ஒரு கிலோ மண்ணில் 0.86 கிராம் ஜிப்சம் தேவை. 225 கிலோவுக்கும் 2.8 அலகுக்கும் பெருக்கினால் 540 கிராம். வாங்கும் ஜிப்சம் 80 சதவீதத் தூய்மை என்றால் சுமார் 680 கிராம். இதை 200, 200 கிராமாகப் பிரித்து, சில மாத இடைவெளியில் போடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது தண்ணீரில். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் இரண்டரை கிராம் ஜிப்சம்தான் கரையும். 200 கிராம் கரையவே 80 லிட்டர் வேண்டும், அதன் பிறகு வெளியேறிய சோடியத்தை வேருக்குக் கீழே அடித்துச் செல்லவும் தண்ணீர் வேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் சோடியம் எங்கே போகும்? அங்கேயே தங்கும். முதலில் வடிகால், பிறகு ஜிப்சம். பாய்ச்சும் தண்ணீரையும் சோதியுங்கள். பைகார்பனேட் மிகுந்த தண்ணீர் போட்ட சுண்ணாம்புச்சத்தையெல்லாம் படிய வைத்து, சோடியத்தைத் திரும்ப மேலே கொண்டுவரும்.

கேள்வி: ஜிப்சம் இல்லையென்றால் மணல்? களிமண் தரையில் மணல் கலந்தால் தண்ணீர் இறங்கும் அல்லவா?

பதில்: கொஞ்சமாகக் கலந்தால் நிலைமை மோசமாகும். மணல் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு இடைவெளி உண்டாக்க, கலவையில் எடைக்கு 70 சதவீதத்துக்கு மேல் மணல் வேண்டும். அதற்குக் குறைந்தால் களிமண் மணலைச் சுற்றி நிரப்பிக்கொண்டு இன்னும் கெட்டியாகும். 15 செ.மீ. களிமண்ணை அப்படி மாற்ற 30 செ.மீ.க்கு மேல் மணல் கொட்ட வேண்டும். மேலே மட்டும் ஓர் அடுக்கு மணல் பரப்பினால் வேர் அந்த அடுக்கிலேயே தங்கிவிடும், கீழே இறங்காது. மணலுக்கு ஆகும் செலவை மக்குக்குச் செய்யுங்கள்.

கேள்வி: பல வருடம் கோழி எருவும் எலும்புத் தூளும் போட்டுவந்தோம். மணிச்சத்து 'மிக மிக அதிகம்' என்று வந்திருக்கிறது. எப்படி இறக்குவது?

பதில்: இறக்குவதற்கு மருந்து கிடையாது, நிறுத்துவதுதான். கோழி எருவில் புல்லுக்குத் தேவையான தழைச்சத்தைக் கணக்குப் பண்ணிப் போட்டால் மணிச்சத்து தேவைக்கு மேல் சேர்ந்துகொண்டே போகும், அது கரைந்து ஓடாமல் மண்ணிலேயே தங்கும். இனி தழைச்சத்து மட்டுமுள்ள உரம், மணிச்சத்துக் குறைந்த இலை மக்கு இவை போதும். பொட்டலத்தில் தழை–மணி–சாம்பல் என்று வரிசையாக இருக்கும் மூன்று எண்களில் நடு எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். வெட்டிய புல்லைத் தரையிலேயே விடாமல் அள்ளி வெளியேற்றினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். காய்ந்த வெட்டுப்புல்லில் அரை சதவீதத்துக்குக் குறைவாகத்தான் மணிச்சத்து இருக்கும் என்பதால் வருடக் கணக்கில் ஆகும். மழைநீர் குளத்துக்கோ ஓடைக்கோ ஓடும் இடமாக இருந்தால் தரையில் வெறும் மண் தெரியாமல் புல்லை அடர்த்தியாக வைத்திருப்பது அவசியம். மண்ணோடு போகும் மணிச்சத்துதான் குளத்தில் பாசியைக் கிளப்புகிறது. இரும்பு, துத்தநாகக் குறை தெரிந்தால் இலைவழிக் கொடுங்கள்.

கேள்வி: மணல்பாங்கான மண். சாம்பல்சத்து 70 கிலோ. ஒரே தடவையில் பொட்டாஷ் நிறையப் போட்டும் அடுத்த அறிக்கையில் பழைய எண்ணே வருகிறது.

பதில்: மணலால் சாம்பல்சத்தைப் பிடித்து வைக்க முடியாது. அயனி மாற்றுத் திறன் 4, 5 என்று இருந்தால் நீங்கள் போட்டது தண்ணீரோடு கீழே போய்விட்டது. சதுர மீட்டருக்கு 4 கிராம் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் (60 சதவீதம்) வீதம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, தழைச்சத்தோடு சேர்த்துப் போடுங்கள். மண்ணிலோ தண்ணீரிலோ உப்பு இருந்தால் அதற்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 5 கிராம். மண்ணில் சாம்பல்சத்தைச் சேமித்து வைக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். புல்லுக்கு அவ்வப்போது தேவையானது கிடைத்தால் போதும். வெட்டுப்புல்லைத் தரையிலேயே விடுவது உங்கள் விஷயத்தில் நல்லது, அதில் சாம்பல்சத்து 2 சதவீதம் வரை இருக்கும்.

கேள்வி: கட்டட வேலை முடிந்த இடத்தில் புதிதாகப் புல் போடப்போகிறோம். கரிமம் 0.3, மற்ற எல்லாமும் 'குறைவு'. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மண்வெட்டியிலிருந்து. அறிக்கைக்குத் தெரியாத விஷயங்கள் இங்கே நிறைய. நாலைந்து இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். மேலே நாலு விரல் மண், அடியில் செங்கல் துண்டும் கலவைக் கழிவும் என்றால் எந்த உரமும் உதவாது. சிமென்ட் கழிவு பி.எச்.சையும் ஏற்றிவிடும். அதை அள்ளி எடுத்துவிட்டு நல்ல மண் நிரப்பி, அந்த மண்ணைத் தனியாகச் சோதியுங்கள். குழியில் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓரிரு செ.மீ.கூட இறங்காவிட்டால் வடிகாலை இப்போதே சரிசெய்ய வேண்டும். வெட்டிய மண்ணில் சாம்பல் நிறமும் அழுகிய முட்டை வாடையும் இருந்தால் அங்கே ஏற்கெனவே தண்ணீர் தேங்கியிருக்கிறது.

அடுத்து கரிமம். 0.3ஐ 0.8 ஆக்க வேண்டுமென்றால் 225 கிலோ மண்ணில் அரை சதவீதம், அதாவது 1.1 கிலோ கரிமம் சேர்க்க வேண்டும். ஈரத்தோடு கூடிய ஒரு கிலோ மக்கில் கரிமம் சுமார் 150 கிராம். கணக்குக்கு ஏழரைக் கிலோ வருகிறது, ஆனால் அதில் பாதிக்கு மேல் ஓரிரு வருடத்தில் மக்கிக் கரைந்துவிடும். எனவே 15 கிலோ வேண்டும், அது 2.5 செ.மீ. கனத்துக்குப் பரப்புவதற்குச் சமம். 100 சதுர மீட்டருக்கு இரண்டரைக் கன மீட்டர். அதிகம் என்று தோன்றும், ஆனால் மண்ணைப் புரட்டிக் கலக்கும் வாய்ப்பு இந்த ஒரு தடவைதான். புல் போட்ட பிறகு 5 மி.மீ. கணக்கில் வருடக் கணக்கில் இழுக்க வேண்டும்.

மக்கை வாங்கும் முன் கையில் அள்ளிப் பாருங்கள். சூடு இருக்கக் கூடாது, அம்மோனியா நெடி அடிக்கக் கூடாது, மூலப்பொருள் அடையாளம் தெரியக் கூடாது. மரத்தூள் மக்காமல் கலந்திருந்தால் அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், புல் மாதக்கணக்கில் மஞ்சளாக நிற்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு தொட்டியில் பாதி மக்கு, பாதி மண் கலந்து விரைவில் முளைக்கும் ஏதாவது விதை இருபதைப் போட்டு ஒரு வாரம் கவனியுங்கள்.

மக்கு, தேவையான சுண்ணாம்பு அல்லது ஜிப்சம், மணிச்சத்துக் குறை என்றால் சூப்பர் பாஸ்பேட் (16 சதவீதம்) 30 கிராம், எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பி 15 செ.மீ. ஆழத்துக்குக் கலக்குங்கள். மணிச்சத்து மண்ணில் நகராது, அதனால் வேர் போகும் ஆழத்தில் இப்போதே வைத்துவிட வேண்டும். தழைச்சத்தை இப்போது போடாதீர்கள். வேர் பிடிப்பதற்குள் கரைந்து போய்விடும், முதல் வெட்டுக்குப் பிறகு தொடங்குங்கள். மண் ஈரமாக ஒட்டும்போது உழாதீர்கள். உருட்டினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். கலந்த பிறகு இரண்டு, மூன்று முறை நனைத்துப் படியவிட்டு, பள்ளங்களைச் சமன்செய்து அப்புறம் புல்லைப் போடுங்கள்.

கேள்வி: கால்சியம்–மக்னீசியம் விகிதம் சரியில்லை, சரிப்படுத்த மூன்று வகைப் பொருள் வேண்டும் என்று அறிக்கையோடு ஒரு பட்டியல் வந்திருக்கிறது.

பதில்: வாங்காதீர்கள். இரண்டும் தனித்தனியாகப் போதிய அளவு இருந்தால் விகிதம் எப்படி இருந்தாலும் புல்லுக்குக் கவலையில்லை. மக்னீசியம் குறைவு என்று தனியாக எழுதியிருந்தால் மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: மறுபடி எப்போது சோதிப்பது?

பதில்: சுண்ணாம்பு, ஜிப்சம், கந்தகம் போட்டிருந்தால் 12 மாதம் கழித்து. அதற்கு முன் பார்த்தால் கரையாத தூளும் சேர்ந்து எண்ணைக் கெடுக்கும். மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும், மணல் மண்ணுக்கு மட்டும் வருடா வருடம். அதே பருவம், அதே ஆழம், அதே ஆய்வகம். பழைய அறிக்கையின் பின்பக்கத்தில் என்ன, எவ்வளவு, எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த கேள்வியை அனுப்பும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால் பதில் சொல்வது எளிது.